மண்டையில் அடிபட்டவனை வெளியே கூப்பிடுகிற வேலை

மண்டையில் அடிபட்டவனுக்குத் தனக்கு அடிபட்டது தெரியாது. அது தெரிந்த ஒரே ஆளின் பேச்சை மைதானத்தில் ஒருவரும் கேட்கமாட்டார்கள். அந்த ஒரே ஆளாக, ஒரு வாளித் தண்ணீரோடு கோட்டோரம் நிற்பதுதான் பத்து வருசம் என் ஞாயிற்றுக்கிழமை வேலையாக இருந்தது.

ஏதாவது ஒரு கிளப்பில் முதலுதவிப் பை தூக்கியவர்கள், கஷுவல்டியில் நின்று நியாயம் சொல்லி ஏச்சு வாங்கியவர்கள், "இன்றைக்கு வேண்டாம், வீட்டுக்குப் போ" என்று சொல்லிப் பகை தேடிக்கொண்டவர்கள், இது உங்களுக்கு. நான் புதிதாக ஒன்றும் சொல்லப்போவதில்லை. மற்றவர்களுக்கு மட்டும் ஒரு விளக்கம். இங்கிலாந்தில் றக்பி இரண்டு வகை. ஒன்று பெரிய பள்ளிக்கூடங்களில் படித்தவர்கள் விளையாடுவது. மற்றது வடக்கே சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை செய்தவர்கள் விளையாடியது. அதற்குப் பெயர் றக்பி லீக். பக்கத்துக்குப் பதின்மூன்று பேர். பந்தோடு ஓடுகிறவனை இரண்டு மூன்று பேர் சேர்ந்து விழுத்துவார்கள். அவன் எழும்பிப் பந்தைக் காலால் பின்னுக்குத் தள்ளுவான். அடுத்தவன் அதை எடுத்துக்கொண்டு ஓடுவான். அவனையும் விழுத்துவார்கள். எண்பது நிமிடமும் இதுதான். தலைக்கான பாதுகாப்பு, காதைச் சுற்றி ஒட்டுகிற பிளாஸ்டரோடு முடிந்துவிடும்.

எங்கள் அணி ஆட்கள் பேசியதெல்லாம் இங்கிலீஷ். ஆனால் எனக்கு அது தமிழில்தான் ஞாபகம் இருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

வேலைக்கு எடுத்த விதம்

ஊரில் நான் ஓர் அரசாங்க டிஸ்பென்சரியில் அப்போதிக்கரி. பெரிய டொக்டர் வராத இடத்தில் நான்தான் டொக்டர். எண்பதுகளின் நடுவில் கலவரத்துக்குத் தப்பி லண்டனுக்கு வந்தபோது என் பத்திரங்களைப் பார்த்த அதிகாரி மரியாதையாகத் திருப்பித் தந்துவிட்டார். தெற்கு லண்டனில் ஓர் ஆஸ்பத்திரியின் கஷுவல்டியில், அதாவது அவசர சிகிச்சைப் பகுதியில், பிளாஸ்டர் போடுகிற வேலைதான் கிடைத்தது. கை முறிந்தவர்களும் கால் முறிந்தவர்களும் நாள் முழுக்க வந்துகொண்டேயிருப்பார்கள்.

ஒரு ஞாயிறு பின்னேரம் சேற்றில் முக்கி எடுத்த மாதிரி ஒரு பையோடு டெரக் என்ற மனிதர் வந்தார். அவருக்குப் பின்னால் விரல் விலகிய ஒரு விளையாட்டுக்காரன். டெரக் வடக்கே யோர்க்ஷயர்க்காரர். ஐம்பது வயது, சப்பை மூக்கு, மிச்சம் என்ற ஊர்ப் பக்கத்துக் கவுன்சில் மைதானத்தில் விளையாடுகிற றக்பி லீக் அணிக்குக் கோச். நான் விரலுக்குக் கட்டுப் போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும், "இரத்தத்தைக் கண்டால் உமக்கு மயக்கம் வருமோ?" என்று கேட்டார். நான் இல்லை என்றேன்.

"அப்ப ஞாயிற்றுக்கிழமையிலை எங்களோடை வாரும். முன்னம் வாளி தூக்கின ஆளுக்கு வந்தது."

எத்தனை விரல்

அந்தக் காலத்தில் தலையில் அடிபட்டவனுக்கு ஒரே ஒரு பரீட்சைதான். விரலைக் காட்டி எத்தனை என்று கேட்பது. முதல் மாதமே கொலின் என்ற சின்ன உருவக்காரன் யாருடைய முழங்காலிலோ நெற்றியைக் கொடுத்துக்கொண்டு விழுந்தான். கொலின் தபால்காரன். அணியில் அவனுக்குத்தான் மூளை அதிகம் என்பார்கள். நான் ஓடிப்போய்க் குளிர்ந்த தண்ணீரைப் பிடரியில் ஊற்றி மூன்று விரலைக் காட்டினேன். "மூன்று" என்றான். விட்டுவிட்டேன். அடுத்த ஞாயிறும் விழுந்தான், அடுத்த ஞாயிறும் மூன்று என்றான். பிறகு ஒருநாள் அவனே இரக்கப்பட்டுச் சொன்னான், இந்த லீக்கில் எல்லோரும் மூன்றுதான் காட்டுவார்கள், கண்ணை மூடிக்கொண்டே சொல்லலாம் என்று.

அதனால் பரீட்சையை மாற்றினேன். எதிரணி எது, ஸ்கோர் என்ன, இது முதல் பாதியா இரண்டாம் பாதியா என்று கேட்கத் தொடங்கினேன். அடுத்த தரம் விழுந்தபோது கொலின் எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னான். டெரக் என் முதுகுக்குப் பின்னால் நின்று வாயசைத்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. கொலின் உற்சாகமாக எழும்பி ஓடினான். ஓடிப்போய் எதிரணியின் வரிசையில், அவர்களுடைய இரண்டு பெரிய ஆட்களுக்கு நடுவில், இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றான். எதிரணிக் கப்டன் என்னைப் பார்த்துக் கூப்பிட்டான்.

"டொக், இந்த ஆள் நல்லாய்த்தான் இருக்கிறார், எங்களிட்டையே வைச்சிருக்கட்டோ?"

திங்கட்கிழமைக் காலை

சிரித்து முடித்துவிட்டீர்கள் என்றால் இதையும் சொல்லவேண்டும்.

கிரஹாம் எங்கள் முன்வரிசைக்காரன். ஆறடிக்கு மேல், கதவை அடைக்கிற உடம்பு, குழந்தைப்பிள்ளையின் குரல். ஒவ்வொரு முறை நான் தண்ணீர் கொடுக்கும்போதும் "தாங்க்யூ டொக்" என்று சொல்லுகிற ஒரே ஆள் அவன்தான். நான் டொக்டர் இல்லை என்று எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தேன். கிழமை நாட்களில் கட்டடங்களைச் சுற்றி இரும்புக் குழாய் அடுக்கிப் பலகைத் தட்டுக் கட்டுகிற வேலை அவனுக்கு. ஒரு ஞாயிறு தலையோடு தலை மோதி விழுந்தான். நான் போய்ச் சேரும்போது கண் திறந்திருந்தது, ஆனால் பார்வை என்னில் இல்லை. கால் நிமிடம் இருக்கும். பிறகு ஸ்கோரைக் கேட்டேன், சொன்னான். எதிரணியைக் கேட்டேன், சொன்னான். மாற்று ஆட்கள் இரண்டு பேரும் ஏற்கெனவே உள்ளே இறங்கியிருந்தார்கள். இவனை எடுத்தால் பன்னிரண்டு பேர்தான். டெரக் என்னைப் பார்த்தார். விளையாடட்டும் என்று நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை நான் யார் தலையிலும் போட முடியாது.

மற்றநாள் காலை பத்து மணிக்கு அவனுடைய மேற்பார்வையாளர் அவனைக் கஷுவல்டிக்குக் கொண்டுவந்தார். மூன்றாம் மாடி உயரத்தில், குழாயைப் பிடித்தபடி, ஏறிக்கொண்டிருக்கிறேனா இறங்கிக்கொண்டிருக்கிறேனா என்று தெரியாமல் நின்றானாம். இரண்டு பேர் ஏறி, கையைப் பிடித்து, ஒவ்வொரு படியாக இறக்கியிருக்கிறார்கள். டொக்டர்கள் பார்த்துப் படம் எடுத்து இரண்டு நாள் வைத்துக்கொண்டார்கள். நான் பிளாஸ்டர் மாவோடு கட்டிலடியில் போய் நின்றேன். கிரஹாம் அங்கும் இங்கும் பார்த்துவிட்டு, என்னைக் கிட்ட வரச் சொல்லி, மெதுவாகக் கேட்டான்.

"டொக், ஆரிட்டையும் சொல்லாதையுங்கோ, நேற்று நான் விளையாடினேனா?"

மனைவி பார்த்த ஒரே ஒரு ஆட்டம்

என் மனைவி மனோ ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்தாள். அவளுக்கும் எனக்கும் ஒன்றாகக் கிடைப்பது ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான். அதையும் நான் சேற்றில் கொண்டுபோய்ப் போடுகிறேன் என்று கோபம். அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்க்க, ஒருநாள் எங்கள் வீடு இருந்த கோலியர்ஸ் வுட்டிலிருந்து என்னோடு பஸ்ஸில் வந்தாள். கோட்டுக்கு மேல் சால்வை, கையில் பிளாஸ்க்.

முதல் பத்து நிமிடத்தில் இரண்டு பேருக்குப் புருவம் பிளந்தது. ஒருவனுடைய பல் ஒன்று புல்லில் கிடந்தது. நான் போய்ப் போய் வந்தேன். ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணியும் கை கொடுத்து, கட்டிப்பிடித்து, ஒரே சவர்க்காரத்தைப் பங்கிட்டுக் குளிக்கப் போவதை மனோ வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவங்களுக்குள்ளை என்ன கோபம்?" என்றாள்.

"கோபம் ஒண்டும் இல்லை. விளையாட்டு."

பஸ்ஸில் ஏறி இருந்தபிறகு சொன்னாள்.

"அங்கை எங்களை அடிச்சவனுக்கு ஏதோ ஒரு காரணமாவது இருந்தது, இஞ்சேருங்கோ, இதுக்கோ ஊரை விட்டிட்டு ஓடி வந்தனாங்கள்?"

மினிபஸ்ஸில் வென்ற ஆட்டம்

ஒருமுறை வெளியூர் ஆட்டம். முப்பது புள்ளிக்கு மேல் தோற்றோம். கொலினுக்கு மறுபடியும் அடி. இம்முறை நான் யாரையும் கேட்கவில்லை. கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்தேன். அந்த ஊர் ஆஸ்பத்திரியில் காட்டி, டொக்டர் சரி என்று சொன்னபிறகுதான் மினிபஸ்ஸில் ஏற்றினேன். என் பக்கத்தில் இருக்க வைத்தேன். கண்மணியைப் பார்ப்பதும் நித்திரையாக விடாமல் கதை கொடுப்பதுமாக வந்தேன்.

"ஆர் வெண்டது?" என்று கேட்டான். தோற்றுவிட்டோம் என்றேன். முகம் சுருங்கிவிட்டது. பாவம், கண்ணீரே வந்துவிட்டது. ஐந்து நிமிடம் கழித்து மறுபடி, "ஆர் வெண்டது?" தோற்றோம். மறுபடி அதே முகம், அதே கண்ணீர். ஒவ்வொரு தரமும் அவன் புதிதாகத்தான் தோற்றான். ஏழாவதோ எட்டாவதோ தரம் கிரஹாமுக்குப் பொறுக்கவில்லை. பின் சீற்றிலிருந்து எட்டி, "வெண்டிட்டம் கொலின், நீதான் கடைசிப் புள்ளி போட்டனி" என்றான். கொலினுடைய முகம் லைற் போட்ட மாதிரி ஆனது. அதற்குப்பிறகு லண்டன் வரும்வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் அவன் கேட்டான், பஸ் முழுக்க வென்றோம் என்றது. களைத்துப்போய், அடிபட்டு, முகம் வீங்கி இருந்தவர்களை ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்துவிட்டு, அவன் என்னிடம் கேட்டான்.

"அப்ப ஏன் டொக் எல்லாரும் செத்த வீட்டுக்குப் போயிட்டு வாற மாதிரி இருக்கிறாங்கள்?"

கடிதம்

அதற்குப்பிறகு நானே ஒரு சட்டம் போட்டேன். என் கையால் மண்டைக்காக வெளியே எடுக்கப்பட்டவன் மூன்று கிழமை விளையாடக் கூடாது. டெரக் சிரித்தார். வாளி தூக்குகிறவன் போட்ட சட்டத்தை யார் கேட்பார்கள்?

எங்கள் கஷுவல்டியில் மதுரைக்காரப் பெண் டொக்டர் ஒருவர் இருந்தார். மீனாட்சி என்று பெயர். இரவு பகல் என்று பார்க்காமல் ஷிப்ட் செய்து, சுவரில் சாய்ந்தபடியே தேத்தண்ணீர் குடிக்கிறவர். அவரிடம் போய்க் கேட்டேன். முழுக்கதையையும் கேட்டுவிட்டு, "இதுக்கு மருந்தே கிடையாதுண்ணா, ஓய்வு ஒண்ணுதான். அதைத்தான் எவனும் வாங்கிக்க மாட்டான்" என்றார். ஆஸ்பத்திரித் தாளில் இல்லாமல் தன் சொந்தத் தாளில், தன் பெயரும் பட்டமும் போட்டு, மண்டையில் அடிபட்டவனுக்கு மூன்று கிழமை ஓய்வு வேண்டும் என்று அரைப் பக்கம் எழுதித் தந்தார். நான் நன்றி சொன்னேன். இதைக் காட்டினால் கேட்பார்கள் என்று நினைக்கிறீர்களா என்றும் கேட்டேன்.

"கேக்க மாட்டாங்க, ஆனா நாளைக்கு யாரும் சொல்லலைன்னு சொல்ல முடியாதில்ல?"

லிண்டா

தொண்ணூறுகள் பிறந்தன. கடிதத்தை உடைமாற்றும் அறைச் சுவரில் ஒட்டிவைத்தேன். சிலர் கேட்டார்கள், சிலர் அதில் கேலிப்படம் கீறினார்கள். ஒருநாள் பகல் பன்னிரண்டு மணிக்கு, என் சாப்பாட்டு நேரத்தில், கிரஹாமின் மனைவி லிண்டா ஆஸ்பத்திரிக்கு என்னைத் தேடி வந்தாள். கன்ரீனில் எனக்கு முன்னால் இருந்துகொண்டு கையுறையைக் கழற்றாமலே பேசினாள். கிரஹாமுக்கு நாள் முழுக்கத் தலையிடி. வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை. ஒருநாளும் சத்தம் போடாத மனிதன், தேத்தண்ணீர்க் கோப்பையைச் சுவரில் எறிந்துவிட்டு, அதை யார் உடைத்தது என்று கேட்டிருக்கிறான். டொக்டரிடம் போகச் சொன்னால் எனக்கு ஒன்றுமில்லை என்கிறான். நீங்கள் சொன்னால் கேட்பான் என்றாள்.

அந்த ஞாயிறு ஆட்டத்துக்கு முதல் நான் அவனைத் தனியே கூப்பிட்டேன். ஒரு டொக்டரைப் பார்க்கும்வரை நீ இறங்கக் கூடாது என்றேன். கிரஹாம் சப்பாத்தைக் கழற்றினான். அடுத்த கிழமை வரவில்லை. அதற்கடுத்த கிழமையும் வரவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கத்தில் இன்னொரு கிளப்பில் சேர்ந்துவிட்டான் என்று கொலின்தான் வந்து சொன்னான். அங்கும் ஒருவர் வாளியோடு நின்றாராம். அவர் ஒன்றும் கேட்கமாட்டாராம். லிண்டா எனக்குத் தொலைபேசி எடுத்தாள். அழவில்லை, ஏசவும் இல்லை.

"நீங்கள் சொன்னது சரிதான், ஆனால் உங்களிட்டை இருந்தபோது அவரைப் பார்க்க ஒரு ஆள் எண்டாலும் இருந்தது."

மிச்சம் பஸ் தரிப்பு

நான் கிரஹாமைத் துரத்தினேனா, காப்பாற்றப் பார்த்தேனா? அவன் அங்கே இன்னும் இரண்டு வருசம் விளையாடினான். பிறகு வேலையையும் விட்டுவிட்டதாகக் கேள்விப்பட்டேன். உயரம் ஒத்துவரவில்லையாம்.

கடைசியாக அவனைக் கண்டது மிச்சத்தில், பஸ் தரிப்பில், ஒரு சனிக்கிழமை காலை. பெரிய உடம்பு அப்படியே இருந்தது. மழை இல்லை, ஆனால் தொப்பியை இழுத்துக் கண்ணை மறைத்திருந்தான். கையில் லிண்டாவின் எழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு. பாண், பால், உருளைக்கிழங்கு, கீழே பஸ் இலக்கம், அதற்குக் கீழே வீட்டு விலாசம். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டான். "டொக்!" என்று கட்டிப்பிடித்தான். பழைய ஆட்டங்கள் எல்லாம் சொன்னான். எந்த வருசம், யார் புள்ளி போட்டது, எல்லாம் சரி. அரை மணி நேரத்துக்கு முதல் எந்தக் கடைக்குப் போய்வந்தான் என்பதுதான் தெரியவில்லை. அந்த அடிகளால்தான் இப்படி ஆனதா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்ட டொக்டர்களும் ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். அவனுடைய பஸ் வந்தது. நான் இலக்கத்தைப் பார்த்து, இதுதான் என்றேன். படியில் ஏறியவன் திரும்பி, அந்தக் குழந்தைக் குரலில், என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரிச் சொன்னான்.

"நீங்கள் நல்லாய்த்தான் பாத்தனீங்கள் டொக், நான்தான் கேக்கேல்லை."

டெரக் எடுத்த ஆள்

கிரஹாம் எங்களை விட்டுப் போன அந்தச் சீசனின் கடைசியில் கிண்ண ஆட்டத்தில் அரையிறுதிவரை வந்திருந்தோம். கிளப் தொடங்கிய நாளிலிருந்து அவ்வளவு தூரம் போனதில்லை. இரண்டு புள்ளி பின்னால். ஆறு நிமிடம் இருக்கிறது. பந்து அவர்களுடைய கோட்டுக்குப் பக்கத்தில். கொலின் பந்தோடு குனிந்து புகுந்தான், ஒரு தோள் அவன் கன்னத்தில் பட்டது, விழுந்தான், உடனே எழும்பினான். எழும்பிய விதம் எனக்குப் பிடிக்கவில்லை. கால்கள் இரண்டும் வெவ்வேறு ஆட்களுடையவை மாதிரி நடந்தன. மாற்று ஆள் மிச்சம் இல்லை. டெரக்குக்கு எப்படிச் சொல்லப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டு வாளியைத் தூக்கினேன். எனக்கு முதலே டெரக் கோட்டைத் தாண்டி உள்ளே போய்க்கொண்டிருந்தார். றெஃபரி விசில் ஊதினார். டெரக் கொலினுடைய தோளில் கை போட்டு, ஏதோ கதை சொல்லிக்கொண்டே வெளியே கூட்டிவந்து, என் பக்கத்தில் இருத்தினார். பன்னிரண்டு பேரோடு ஆறு நிமிடம் ஆடினோம். தோற்றோம்.

உடைமாற்றும் அறையில் ஒருவரும் டெரக்கோடு பேசவில்லை. ஒருவன் அவருக்குக் கேட்கட்டும் என்று சப்பாத்தைச் சுவரில் அடித்தான். நான் வாளியைக் கழுவப் போனபோது அவரும் வெளியே குழாயடிக்கு வந்தார். ஒரு சிகரெட் பற்றவைத்தார். தான் இளமையில் விளையாடிய ஒரு கிண்ண இறுதியாட்டத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். அதில் அவர் போட்ட புள்ளியை, மூன்று பேரைத் தாண்டி ஓடியதை, ஒவ்வொரு அடியாக விவரித்தார். நல்ல கதை. தண்ணீர் வாளியில் நிரம்பி வழிந்தது. நான் குழாயை மூடினேன்.

"அதிலை ஒரு நிமிசமும் எனக்கு ஞாபகம் இல்லை டொக், எல்லாம் என்ரை தம்பி சொல்லித் தந்தது."

பத்து வருசத்தில் நான் ஒரு மண்டையையும் குணப்படுத்தவில்லை, சிலதைக் கொஞ்ச நேரம் வெளியே இருத்தி வைத்தேன், அதற்கே இவ்வளவு ஏச்சு.